கிரவுண்டு கணக்கில் அடங்காத மாளிகைகள்

தென்சென்னையில் விற்பனைக்கு வரும் பழைய பங்களாக்களின் விளம்பரங்களில் கட்டடத்தைப் பற்றி ஒரு வரி இருந்தாலே அதிகம்; எத்தனை கிரவுண்டு, மனை எந்தத் திசை பார்த்தது, முன்னால் உள்ள சாலை எத்தனை அடி அகலம் என்பவைதாம் அவற்றில் இடம்பெறுகின்றன. கிரவுண்டு என்பது 2,400 சதுர அடியைக் குறிக்கும், சென்னையில் வீட்டுமனையை அளக்க நெடுங்காலமாக வழங்கிவரும் அலகு. மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ தியாகராய நகரிலோ தேக்கு உத்தரமும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட நூறாண்டு வீடு ஒன்று கைமாறும்போது, வாங்குபவர் தரும் விலை ஏறக்குறைய முழுவதும் அது நிற்கும் நிலத்துக்கே. உலகின் பல பெருநகரங்களில் பழங்கட்டடத்தின் உட்புறத்தைப் பகுத்து அமைத்த சொகுசு அடுக்கக வீடுகள் தனி மதிப்புடன் விற்பனையாகும்போது, சென்னையில் அப்படியொரு வீடு சந்தைக்கு வருவது ஏன் இத்தனை அரிதாக இருக்கிறது என்ற கேள்விக்கு, நமக்குப் பழமையின் அருமை தெரியாது என்ற வழக்கமான பதில் போதாது. பத்திரப்பதிவு முறையையும் பழைய வீடுகளின் கூரையையும் பார்த்தால் காரணம் தெளிவாகும்.

லண்டனில் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தின் முகப்பாக 1873-இல் திறக்கப்பட்ட மிட்லண்ட் கிராண்ட் ஓட்டல் 1935-இல் மூடப்பட்டது. இடிபடுவதிலிருந்து 1960-களில் மயிரிழையில் தப்பிய அக்கட்டடம் 2011-இல் மீண்டும் ஓட்டலாகத் திறக்கப்பட்டபோது, அதன் மேல்தளங்கள் சொகுசு வீடுகளாகப் பகுக்கப்பட்டிருந்தன. அதை வடிவமைத்த ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட்டின் பேரனான கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் புறத்தோற்றத்தை வகுத்த பேட்டர்ஸி மின்நிலையம் 1983-இல் உற்பத்தியை நிறுத்தி, பல உரிமையாளர்களின் கைமாறி, மலேசிய முதலீட்டில் கடைகளும் அலுவலகங்களும் வீடுகளுமாக மாறி 2022-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கும் பாதுகாப்பு என்ற சொல்லைச் சற்று தாராளமாகவே புரிந்துகொள்ள வேண்டும். உலகமே அடையாளம் காணும் அந்த நான்கு புகைபோக்கிகளும் அரித்துப்போயிருந்ததால் இடிக்கப்பட்டு, அதே அளவில் புதிதாகக் கட்டப்பட்டவை. எனினும் இங்கே கவனிக்க வேண்டியது, இங்கிலாந்தில் இத்தகைய வீட்டை வாங்குபவர் பெரும்பாலும் நீண்டகாலக் குத்தகை உரிமையையே வாங்குகிறார் என்பதாகும். நிலம் வேறொருவரிடம் இருக்கும், வீட்டுக்காரருக்கு நிலத்தில் பங்கு வேண்டியதில்லை, ஆகவே சுவருக்குள் அடங்கிய இடத்துக்கென்று தனியே ஒரு விலை உருவாக முடிகிறது.

சென்னையில் அடுக்ககத்தின் உயிர்நாடி யூடிஎஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரிபடாத பாகம். மொத்த மனையில் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய, ஆனால் இந்த மூலைதான் என்று அளந்து காட்ட முடியாத பங்கை இது குறிக்கும். பத்திரத்தில் பதிவாவதும், ஆண்டுகள் சென்றபின் விலை ஏறுவதும், கட்டடம் பழுதாகி இடிக்கப்படும் நாளில் எஞ்சி நிற்பதும் அதுவே. இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டியது எஃப்எஸ்ஐ எனப்படும் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கு இதை 1.5-இலிருந்து 2 ஆக உயர்த்தின. பத்து கிரவுண்டு மனையில் மாடியும் கீழுமாக 8,000 சதுர அடியில் ஒரு பழைய பங்களா நிற்பதாகக் கொண்டால், அதை நான்கு வீடுகளாகப் பகுக்கும்போது ஒவ்வொரு 2,000 சதுர அடி வீட்டின் தலையிலும் 6,000 சதுர அடி நிலத்தின் விலை ஏறும். இடித்துவிட்டு அனுமதிக்கப்பட்ட 48,000 சதுர அடியையும் கட்டினால் அதே அளவுள்ள 24 வீடுகள் கிடைக்கும், ஒவ்வொன்றுக்கும் 1,000 சதுர அடி நிலமே சேரும். அதாவது பழைய சுவருக்குள் வாழ விரும்புபவர் நிலத்துக்கு ஆறு மடங்கு கொடுக்க வேண்டும். எவ்வளவு ரசனை உள்ளவரும் இந்தக் கணக்கின் முன் தயங்குவார். புரமோட்டர் தயங்கவே மாட்டார்.

தோட்ட வீடுகள் எனப்பட்ட பெரிய வளாகங்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அடையாற்றங்கரையிலும் லஸ் பகுதியிலும் பெருகியவை. அவற்றில் இன்றுவரை உருக்குலையாமல் நிற்பவற்றைக் கவனித்தால், அநேகமாக ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்தின் கையில் இருப்பது புலப்படும். கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜேம்ஸ் பிராடி கட்டிய கோட்டை போன்ற வீடு பின்னாளில் அரசு இசைக் கல்லூரிக்கு உரியதாயிற்று. ஜார்ஜ் மௌப்ரேயின் குவிமாட வீடு அடையாறு கிளப்பாக இருந்து, 1963-இல் ஏற்பட்ட இணைப்புக்குப் பிறகு மெட்ராஸ் கிளப்பின் இருப்பிடமாயிற்று. ஹடில்ஸ்டன் தோட்டத்தை 1882-இல் பிரம்மஞான சபை வாங்கியது. எல்டாம்ஸ் சாலையில் சர் சி.பி. ராமசாமி ஐயரின் 'தி குரோவ்' அவர் பெயரிலான அறக்கட்டளையிடம் இருக்கிறது. அலுவலகக் கட்டடம் ஒன்றை வசிப்பிடமாக மாற்றுவதற்கும் இந்நகரில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1798-இல் கட்டப்பட்டு அரசுப் பணிகளுக்குப் பயன்பட்ட ராயப்பேட்டைக் கட்டடம், கட்டடக் கலைஞர் ராபர்ட் சிசோமின் கைவண்ணத்தில் அரண்மனையாகி, 1876 முதல் ஆற்காடு இளவரசர் குடும்பத்தின் அமீர் மகாலாக விளங்குகிறது. ஆனால் கல்லூரியும் கிளப்பும் சபையும் அறக்கட்டளையும் இடத்தைச் சதுர அடிக் கணக்கில் விற்கும் கட்டாயம் இல்லாதவை. குடும்பங்களின் நிலை வேறு.

தியாகராய நகர் 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியின்போது நீண்ட ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்ட குடியிருப்பு; அங்கு ஐந்தாறு கிரவுண்டில் வீடு கட்டியவரின் பேரப்பிள்ளைகள் இன்று பெங்களூரிலும் நியூஜெர்சியிலுமாகச் சிதறியிருக்க, எட்டுப் பேருக்குப் பாகப்பிரிவினை செய்ய ஒரு வீடு போதாது. கூட்டு ஒப்பந்தத்தில் புரமோட்டர் கட்டித்தரும் அடுக்ககத்தில் ஆளுக்கொரு வீடு கிடைப்பதால், இடிப்பதே சச்சரவில்லாத பங்கீடாகிறது. மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய, திண்ணை, ரேழி, முற்றம், இரண்டாம் கட்டு என்று பின்னோக்கி நீளும் வீடுகளில் இன்னொரு இடரும் உண்டு; பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவர் என்பதால் ஒரு வீடு இடிபட்டால் அடுத்த வீட்டிலும் விரிசல் காணும், அதுவும் சில ஆண்டுகளில் அதே வழியில் போகும்.

சட்டமும் பணமும் ஒத்துழைத்தாலும் கட்டடம் ஒத்துழைக்க வேண்டும். பழைய சென்னை வீடுகளின் மேற்கூரை மெட்ராஸ் டெரஸ் என்ற முறையில் அமைந்தது: ஒன்று ஒன்றரை அடி இடைவெளியில் பர்மா தேக்குக் கட்டைகள் சுவரிலிருந்து உத்தரத்துக்குக் குறுக்கே பொருத்தப்பட்டு, அவற்றின்மேல் ஒரு அங்குலக் கனமுள்ள சிறு செங்கற்கள் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாக, மூலைவாட்டில் நெருக்கி அடுக்கப்படும், அது இறுகியபின் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலத்துக்குப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். கோடையில் இதன்கீழ் இருக்கும் குளிர்ச்சிக்கு ஈடில்லை. பதினான்கு அடி உயரக் கூடத்தில் மின்விசிறியின் தேவைகூடக் குறைவு. ஆனால் அக்காலத்தில் குளியலறையும் கழிப்பறையும் பின்கட்டில் வீட்டைவிட்டு ஒதுங்கியிருந்தன. இன்றைய சொகுசு வீடோ படுக்கையறைக்கு ஒன்றாகக் குளியலறை கேட்கிறது. மாடித் தளத்தில் எங்கோ ஒரு குழாய் இணைப்பு கசிந்தால், ஈரம் ஜல்லிக்குள் ஊறிச் சுவருக்குள் புதைந்த தேக்குக் கட்டையின் நுனியை எட்டும். வெளியில் பார்க்கப் பளபளப்பாக இருக்கும் உத்தரம் உள்ளுக்குள் உளுத்துப்போகும். விரிசலைச் சிமென்ட்டால் பூசி மறைப்பதும் தவறான வைத்தியமே, சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும் தன்மையைச் சிமென்ட் பூச்சு அடைத்துவிடுகிறது. லிஃப்ட்டுக்குக் குழி, வீட்டுக்கு இரண்டு கார் நிறுத்த இடம் ஆகியவை வேறு. இவ்வளவையும் செய்யத் தெரிந்த சுண்ணாம்புக் கொத்தனார்கள் அருகிவிட்டனர்.

இடிபடும் வீடு முற்றிலும் மறைந்துவிடுவதும் இல்லை. இடிப்பு ஒப்பந்தக்காரர் வேலைக்குக் கூலி கேட்பதற்குப் பதிலாக, தேக்குக்கும் கதவு நிலைகளுக்கும் ஈடாக உரிமையாளருக்குப் பணம் தருவது சென்னையில் சாதாரணம். அப்படிக் கழற்றப்பட்ட தூண்களில் சில புதிய அடுக்ககங்களின் வரவேற்புக் கூடத்தில், எந்தப் பாரத்தையும் தாங்காமல், அழகுக்கு நிற்கின்றன. மரபு விற்பனைக்கு வராத நகரம் என்று சென்னையைச் சொல்லிவிட முடியாது, துண்டு துண்டாக வருகிறது என்பதே சரி.

அண்ணா சாலையின் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை இடிக்கும் வேலை 2006-இல் தொடங்கியபோது, இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பு உயர்நீதிமன்றத்துக்குச் சென்று அதைத் தடுத்தது. தமிழ்நாடு மரபு ஆணையத்துக்கான சட்டம் 2012-இல் நிறைவேறியும் நடைமுறைக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. தடை விதிக்கும் சட்டம் மட்டும் தனியார் வீட்டைக் காப்பாற்றாது. இடிக்க முடியாமல் போனவர் பழுதுபார்க்காமல் விட்டுவிட்டால், இரண்டு மழைக்காலத்தில் கூரை தானே இறங்கிவிடும். மும்பை 1995-இல் கொண்டுவந்த மரபு விதிகளில் இழப்பீட்டுக்கும் வழி இருந்தது. பட்டியலிடப்பட்ட கட்டடத்தின் உரிமையாளர் தாம் கட்டாமல் விட்ட தளப்பரப்பை மாற்றத்தக்க வளர்ச்சி உரிமையாக வேறிடத்தில் கட்டுபவருக்கு விற்கலாம். மேலே கண்ட பத்து கிரவுண்டு பங்களாவில் கட்டப்படாத 40,000 சதுர அடியையும் இப்படி விற்க முடிந்தால், நான்கு வீடுகளின் தலையில் ஏறிய நிலச்சுமை பெருமளவு இறங்கும். சாலை விரிவாக்கம் போன்றவற்றுக்கு நிலம் விடுபவர்களுக்குச் சென்னையிலும் இந்த ஏற்பாடு உண்டு. பழைய வீடுகளுக்கு அதைத் தாராளமாக வழங்குவதே முதலில் செய்யத்தக்கது.

அதுவரை, அரிதாக எங்கேனும் இத்தகைய வீடு விற்பனைக்கு வந்தால், வாங்குபவர் முகப்பின் வளைவுகளைவிடக் காகிதங்களையே அதிகம் பார்க்க வேண்டும். எட்டுக்கு மேற்படாத வீடுகள் கொண்ட திட்டங்களுக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயமில்லை என்பதால், நான்கு வீடாகப் பகுக்கப்பட்ட பங்களாவில் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது. தனி வீடாக அனுமதி பெற்ற கட்டடம் அடுக்ககமாக மாற்றப்பட்டதற்குத் திட்ட அனுமதி இருக்கிறதா, பிரிபடாத பாகம் நான்கு பத்திரங்களிலும் கூட்டினால் முழு மனைக்குச் சரியாக வருகிறதா, உத்தர நுனிகளைத் திறந்து பார்த்த பொறியாளரின் சான்று உண்டா என்பவை கேட்கப்பட வேண்டியவை. கட்டடத்தின் எஞ்சிய ஆயுளைப் பார்த்தே வங்கிகள் கடன் தவணையை முடிவு செய்வதால், அந்தச் சான்று இல்லாத நூறாண்டு வீட்டை முழுத் தொகையும் கையில் வைத்திருப்பவர் மட்டுமே வாங்க முடியும்.