மலைகளுக்கிடையே பேசும் அலைகள்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் நெடுஞ்சாலையில், வளைவுகள் நெருங்கத் தொடங்கும் இடத்தில் அமைந்த சிற்றூர் புசல்லாவை. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். தோட்டங்களுக்கு மேலே மலைகள். மலைகளுக்கு இடையே ஆழ்ந்த பள்ளத்தாக்குகள். கண்ணுக்கு இனிய இவ்வமைப்பு கம்பியில்லாச் செய்தி அலைகளுக்கு இனியதன்று.

1982ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் ரூபவாகினி ஒளிபரப்புத் தொடங்கிய பின், மலைநாட்டு வீடுகளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்த காலத்தை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். செய்தி வாசிப்பவரின் முகத்துக்கு வலப்புறத்தில் அதே முகம் மங்கலாக இன்னொரு முறை தோன்றும். கூரைமேல் ஏறி அன்டனாவைத் திருப்புவார் ஒருவர். முற்றத்தில் நின்று கட்டளையிடுவார் மற்றொருவர். பெட்டியின் குற்றம் என்று பலர் எண்ணினர். உண்மையில் அது மலையின் வேலை. நிலையத்திலிருந்து நேரே வந்த அலை முதலில் பதிந்தது; எதிர் மலையில் பட்டுத் தெறித்த அலை சற்றுப் பிந்திப் பதிந்தது. மின்காந்த அலை ஒரு மைக்ரோ செக்கனில், அதாவது செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கில், 300 மீற்றர் செல்லும். தொலைக்காட்சித் திரையில் ஒரு கோட்டை இடமிருந்து வலம் வரைவதற்கு 52 மைக்ரோ செக்கன் ஆகும். ஆகவே 50 சென்ரிமீற்றர் அகலமுள்ள திரையில், 300 மீற்றர் சுற்றி வந்த அலை ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் விலகி நிழலாகத் தெரியும். அளவுகோலைத் திரையில் வைத்தே, அலை எவ்வளவு தூரம் சுற்றி வந்தது என்று கணக்கிட்டிருக்கலாம்!

நிழல் முகத்தைக் கண் பொறுத்துக்கொண்டது. ஆனால், எண்களாக அனுப்பப்படும் செய்தி அவ்வாறு பொறுக்காது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக் காரணமாக இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியரின் பாடம் கைத்தொலைபேசி வழியே வரவேண்டியதாயிற்று. அலை கிடைக்கும் மேட்டைத் தேடிப் பிள்ளைகள் புத்தகப் பையுடன் ஏறிய காட்சியை அந்நாளில் நாடு கண்டது. பாடம் வராமற் போனமைக்குக் காரணங்கள் பல. மலை மறைத்து அலையே வராதிருப்பது ஒன்று. ஒரே கோபுரத்தைப் பலர் ஒருங்கே நாடும் நெருக்கடி மற்றொன்று. மூன்றாவது காரணம் நுட்பமானது. அலை வருகிறது; தொலைபேசியின் மூலையிலுள்ள கோடுகளும் எழுந்து நிற்கின்றன; ஆயினும் வந்தது இன்னதென்று விளங்கவில்லை. கோடுகள் அலையின் வலிமையைக் கூறுமேயன்றி, அதன் தெளிவைக் கூறா. இத்தெளிவை மீட்பதற்கு நான்காம் தலைமுறைத் தொலைபேசி செய்யும் இரண்டு வேலைகளே ஈண்டு விளக்கப்படுகின்றன. ஒன்று, அனுப்புவோனுடன் காலமும் சுருதியும் ஒத்துக்கொள்வது. மற்றொன்று, அலை வந்த வழியை அளந்தறிவது.

தோட்டங்களில் விடியற்காலையில் பிரட்டுக்கு ஆளழைக்கத் தப்படித்த வழக்கம் பலரும் அறிந்ததே. எதிர் மலை 340 மீற்றர் தொலைவில் இருக்குமாயின், தப்பின் ஓசை அங்கே சென்று திரும்ப இரண்டு செக்கன் ஆகும். அடிப்பவர் மூன்று செக்கனுக்கு ஓர் அடி அடித்தால், எதிரொலி இடைவெளியில் வந்து அடங்கிவிடும். செக்கனுக்கு நான்கு அடியாக விரைந்தால், எது அடி, எது எதிரொலி என்று பிரிக்க இயலாது. விரைவு கூடக் கூட மலை குறுக்கே பேசுகிறது.

விரைவும் வேண்டும், குழப்பமும் கூடாது என்றால் என்ன செய்வது? ஒரு தப்பை விரைந்து அடிப்பதற்குப் பதிலாக, வெவ்வேறு சுருதியுள்ள அறுநூறு தப்புகளை ஒருங்கே, நிதானமாக அடிப்பதே வழி. இதுவே பல்காவி முறை. செய்தியைச் சுமந்து செல்லும் அலையைக் காவி அலை என்பர். 10 மெகா ஹேர்ட்ஸ் அகலமுள்ள நான்காம் தலைமுறை அலைவரிசையில் 600 காவிகள் உள்ளன. ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து 15,000 ஹேர்ட்ஸ் மீடிறன் விலகி நிற்கிறது. அவ்வளவு செய்தியையும் ஒரே காவியில் ஏற்றினால், ஒரு குறிக்குக் கிடைக்கும் நேரம் ஒரு மைக்ரோ செக்கனில் ஒன்பதில் ஒரு பங்கே. 300 மீற்றர் சுற்றி வரும் எதிரொலி ஒன்பது குறிகளைத் தாண்டி விழும். அறுநூறாகப் பகிர்ந்தால் ஒரு குறி 66.7 மைக்ரோ செக்கன் நீடிக்கும்.

இந்த 66.7 என்னும் எண் தற்செயலாக வந்ததன்று. ஒரு செக்கனைப் 15,000 ஆல் வகுத்தால் கிடைப்பது அதுவே. இக்கால அளவில் ஒவ்வொரு காவியும் முழு எண்ணிக்கையான சுற்றுகளை முடிக்கும். அடுத்த காவி ஒரு சுற்றுக் கூடுதலாக முடிக்கும். அளப்பவன் சரியாக இந்த நேரத்துக்கு அளந்தால், பக்கத்துக் காவியின் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று அழித்துச் சுழியாகிவிடும். நெருங்கி நின்றும் ஒருவர் பேச்சில் மற்றவர் தலையிடாத இந்த ஒழுங்கை, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ராபர்ட் சாங் 1966இல் கணித முறைப்படி நிறுவினார். அறுநூறு காவிகளுக்கு அறுநூறு தனிக்கருவி தேவையில்லை, பிரெஞ்சு அறிஞர் ஃபூரியேயின் கணிதத்தால் ஒரே கணக்கில் அனைத்தையும் பிரித்தெடுக்கலாம் என்று வைன்ஸ்டைனும் ஈபர்ட்டும் 1971இல் காட்டினர். அக்கணக்கை விரைந்து செய்யும் முறையைக் கூலியும் டூக்கியும் 1965இலேயே வெளியிட்டிருந்தனர். இலங்கையில் 2013ஆம் ஆண்டளவில் நான்காம் தலைமுறைக் கைத்தொலைபேசிச் சேவை தொடங்கியபோது, இந்தப் பழைய கணிதமே சட்டைப் பைக்குள் வந்து சேர்ந்தது.

எனினும் எதிரொலி முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஒரு குறியின் வால் அடுத்த குறியின் தலையில் வந்து விழுகிறது. இதற்கென ஒவ்வொரு குறிக்கும் முன்னால் 4.7 மைக்ரோ செக்கன் காப்பு நேரம் விடப்படுகிறது. அந்நேரத்தை வெறுமையாக விடுவதில்லை என்பதே இதன் அழகு. குறியின் கடைசிப் பகுதியைப் படியெடுத்து, அதையே முன்னால் ஒட்டிவிடுகிறார்கள். 1980இல் பெலட், ரூயிஸ் என்னும் இருவர் முன்வைத்த முறை இது. வெறுமையாக விட்டால், பிந்தி வரும் அலை அளவைக் காலத்துள் அரைகுறைச் சுற்றோடு நுழையும். காவிகளின் ஒழுங்கு குலையும். வாலைத் தலையில் ஒட்டினால், எவ்வளவு பிந்தி வந்தாலும் காப்பு நேரத்துக்கு உட்பட்டவரை முழுச் சுற்றுகளே அளவைக்குள் அகப்படும். பெறும் கருவி காப்புப் பகுதியை எறிந்துவிட்டு மிகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

4.7 மைக்ரோ செக்கனில் அலை செல்லும் தூரம் 1.4 கிலோமீற்றர். நேர்வழியைவிட அவ்வளவு தூரம் மிகையாகச் சுற்றிய எதிரொலிவரை தீங்கில்லை. பரந்த பள்ளத்தாக்கின் அக்கரை மலை இதற்கும் அப்பாலிருந்து தெறிக்கக்கூடும். அதற்காக 16.7 மைக்ரோ செக்கன் நீண்ட காப்பும் நியமத்தில் உண்டு. 5 கிலோமீற்றர் மிகைத் தூரத்தை அது தாங்கும். ஆனால், மில்லி செக்கனுக்கு 14 குறி அனுப்பிய இடத்தில் 12 குறியே அனுப்ப முடியும். 2014இல் இலங்கை தெரிவு செய்த ஜப்பானிய எண்முறைத் தொலைக்காட்சியும் பல்காவி முறையே. அதன் காப்பு நேரத்தை இதைவிட மிக நீண்டதாக வைக்கலாம்.

இனி ஒத்திசைவுக்கு வருவோம். 'சுருதி மாதா, லயம் பிதா' என்பது இசைவாணர் வாக்கு. (மலைநாட்டில் லயம் என்றால் தொழிலாளர் குடியிருப்பு வரிசையே முதலில் நினைவுக்கு வரும்; இங்கே கூறப்படுவது தாள லயம்.) பல்காவித் தொலைபேசிக்கும் இவ்விரண்டுமே தாயும் தந்தையும்.

தொலைபேசியை இயக்கியவுடன் அது குருடனைப்போலத் தொடங்குகிறது. குறி எங்கே தொடங்குகிறது என்று அதற்குத் தெரியாது. கோபுரமோ 5 மில்லி செக்கனுக்கு ஒரு முறை, முன்கூட்டியே உலகறிந்த ஓர் அடையாளக் குறியை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அது மூன்று வகைப்படும். தொலைபேசி மூன்றையும் நினைவில் வைத்து, வரும் அலையோடு பொருத்திப் பொருத்திப் பார்க்கிறது. பொருந்திய கணமே காலம் தெரிந்துவிட்டது. அடுத்து, 168 வகையுள்ள இரண்டாம் அடையாளம். இரண்டையும் பெருக்கினால் 504 எண்கள். அவற்றுள் இக்கோபுரத்தின் எண் எது என்பதும் விளங்கிவிடும்.

இதில் ஒரு நயம் உண்டு. அளவையைச் சற்று முந்தித் தொடங்கினால், காப்புப் பகுதியில் சிறிது உள்ளே வரும். அதுவும் அதே குறியின் துண்டாகையால் கெடுதியில்லை. பிந்தித் தொடங்கினால், அடுத்த குறியின் தலை உள்ளே புகுந்துவிடும். முந்தினால் மன்னிப்பு உண்டு, பிந்தினால் இல்லை.

சுருதியின் கதை இன்னும் கடுமையானது. தொலைபேசியின் உள்ளே ஒரு சிறு பளிங்கு அதிர்ந்து மீடிறனை வகுக்கிறது. 1800 மெகா ஹேர்ட்ஸ் அலைவரிசையில் அப்பளிங்கு பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் 1,800 ஹேர்ட்ஸ் விலகிவிடும். காவிகளின் இடைவெளியில் அது நூற்றுக்குப் பன்னிரண்டு. அந்நிலையில் ஆற்றலின் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு அயற்காவிகளுக்குள் கசிந்துவிடும். ஒத்தின் சுருதி சிறிது பிசகினால் கச்சேரி முழுவதும் கசப்பதுபோல, ஒரு காவி மட்டுமன்று, அறுநூறும் பழுதுபடும்.

பிசகை அறிவதற்குக் காப்புப் பகுதியே மீண்டும் கைகொடுக்கிறது. தலையும் வாலும் ஒரே அலையின் இரு படிகள் அல்லவா? சுருதி சரியாயிருந்தால் இரண்டும் அச்சாக ஒத்திருக்கும். பிசகியிருந்தால், தலையிலிருந்து வாலுக்குப் போவதற்குள் அலை தன் சுற்றில் சிறிது திரும்பியிருக்கும். மேற்சொன்ன 1,800 ஹேர்ட்ஸ் பிழைக்குத் திருப்பம் ஏறத்தாழ 43 பாகை. ஆகவே திருப்பத்தை அளந்தால் பிழை கைக்கு வந்தது. அரை இடைவெளிக்கு மேற்பட்ட பிழையை இம்முறை காட்டாது. அதற்கு அடையாளக் குறிகளின் துணை வேண்டும். ஒரு குறியின் இரு பாதிகளையும் ஒன்றுபோல் அமைத்துக் காலத்தையும் சுருதியையும் சேர்த்தே பிடிக்கும் வழியை 1997இல் ஷ்மிட்ல், காக்ஸ் இருவரும் வெளியிட்டனர். தொலைபேசி இறுதியில் கோபுரத்தோடு கோடியில் ஒரு பங்குக்குள் ஒத்துப்போக வேண்டும் என்பதும் சருவதேச நியதி. விலகல் 180 ஹேர்ட்சைத் தாண்டலாகாது.

காலமும் சுருதியும் ஒத்தன. ஆயினும் வந்த எண் அனுப்பிய எண் அன்று. மலைகளிலிருந்து வந்த அலைகள் சில காவிகளில் ஒன்றுக்கொன்று துணைசெய்து ஓங்குகின்றன. சில காவிகளில் எதிர்த்து ஒடுங்குகின்றன. வழி என்ன செய்தது என்று அறியாமல் செய்தியை வாசிக்க இயலாது.

கொழுந்து நிறுக்கும் தராசை எண்ணிப்பார்க்கலாம். தோட்டத்தில் அத்தராசைப் பற்றி எழாத வழக்கில்லை. தராசு பொய்யென்று ஐயுற்றால், பத்துக் கிலோப் படிக்கல்லை அதில் தொங்கவிட வேண்டும். அது ஒன்பது காட்டுமாயின், பின்னர் பதினெட்டுக் காட்டும் கொழுந்து உண்மையில் இருபது கிலோ. தராசைப் பழுதுபார்க்கவில்லை, பழுதின் அளவை அறிந்து வகுத்துக்கொண்டோம். நாளுக்கு இரண்டு கிலோ என்பது கூலிச் சீட்டில் சிறிய கணக்கன்று.

கோபுரமும் தன் செய்திகளுக்கிடையே படிக்கற்களை வைத்தே அனுப்புகிறது. இவை வழிகாட்டிக் குறிகள். பாடசாலை நேரசூசிபோல ஒரு கட்டம் வரைந்தால், பன்னிரண்டு காவிகள் நிரைகளாகவும், மில்லி செக்கனின் பதினான்கு குறிகள் நிரல்களாகவும் அமையும். இந்த 168 கட்டங்களுள் ஓர் அன்டனாவுக்கு 8 கட்டங்கள் படிக்கற்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. நூற்றுக்கு ஐந்துக்கும் சற்றுக் குறைவு. அவற்றில் என்ன அனுப்பப்படும் என்பது தொலைபேசிக்கு முன்னரே தெரியும். வந்ததை அனுப்பியதால் வகுத்தால், அக்காவியில் வழி எவ்வளவு குறைத்தது, எவ்வளவு திருப்பியது என்பது வெளியாகும். இடைப்பட்ட கட்டங்களுக்கு அயற்கட்டங்களின் அளவிலிருந்து மதிப்பிடுவார்கள். இரைச்சலும் படிக்கல்லின்மேல் விழுவதால், ஒரே நிறுவையை நம்பாமல் பலவற்றின் சராசரியைக் கொள்வர்.

படிக்கற்களை எவ்வளவு நெருக்கமாக வைப்பது என்பதை மலையும் பஸ்ஸுமே முடிவுசெய்கின்றன. எதிரொலி 5 மைக்ரோ செக்கன் பிந்தினால், வழியின் ஏற்ற இறக்கம் 200 கிலோ ஹேர்ட்ஸுக்கு ஒரு முறை மாறிவரும். படிக்கற்கள் 90 கிலோ ஹேர்ட்ஸுக்கு ஒன்றாக, அடுத்த நிரலில் இடைநடுவே விலகி நிற்பதால் அது பிடிபடும். நுவரெலியா பஸ் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வளைவுகளில் ஏறுகிறது என்க. 1800 மெகா ஹேர்ட்ஸில் அலைநீளம் 17 சென்ரிமீற்றருக்கும் குறைவு. அதில் பாதியை பஸ் 10 மில்லி செக்கனில் கடந்துவிடும். அதற்குள் ஓங்கிய காவி ஒடுங்கலாம், ஒடுங்கியது ஓங்கலாம். படிக்கற்களோ கால் மில்லி செக்கன் அளவுக்கு ஒரு முறை வருகின்றன. பஸ்ஸில் அமர்ந்து பாடம் கேட்கும் மாணவியின் தொலைபேசி, மலைகளை இவ்வாறு செக்கனுக்கு ஆயிரக்கணக்கான முறை அளந்துகொண்டே செல்கிறது.

திரும்பிப் பேசும்போது இன்னொரு சிக்கல். பல தொலைபேசிகளின் குறிகள் கோபுரத்தை ஒரே கணத்தில் அடைந்தாற்றான் காவிகளின் ஒழுங்கு நிலைக்கும். மேட்டு லயத்தார் முன்னதாகப் புறப்பட்டால்தானே பிரட்டுக்கு எல்லாரும் ஒருங்கே வந்து சேர்வர்? கோபுரம் ஒவ்வொரு தொலைபேசிக்கும் எவ்வளவு முந்திப் புறப்பட வேண்டும் என்று கட்டளையிடுகிறது. கட்டளையின் ஒரு படி ஏறத்தாழ அரை மைக்ரோ செக்கன். தூரத்தில் 78 மீற்றர். தோட்டத்திலிருந்து சந்திக்கு நடந்துவரும் ஒருவர் கோபுரத்தை நோக்கி ஒரு கிலோமீற்றர் நெருங்குவதற்குள், அவர் பைக்குள் இருக்கும் கருவி தன் புறப்பாட்டு நேரத்தைப் பன்னிரண்டு பதின்மூன்று படி மாற்றிக்கொண்டிருக்கும்.