கோப்புக்கு வெளியேயும் எழுதிய ஆலோசகர்

அரசனுக்கு அருகே அமைச்சன் அமர்ந்திருந்த காலம் போய், அரசுகளுக்கு அருகே ஆய்வறிஞர்கள் அமரும் காலம் வந்திருக்கிறது. ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த ஹென்றி கிசிங்கர் 1969-இல் அமெரிக்க அதிபர் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகரானார். டென்வர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முகம்மது ஜவாத் ஸரீஃப் 2013-இல் ஈரானின் வெளியுறவு அமைச்சராகி, 2015-இல் வல்லரசுகளுடன் அணு உடன்படிக்கை கண்டார். நம் நாட்டில் இத்தகைய வரிசையில் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் ஒரு தமிழர். திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்பிரமணியம். (பசுமைப் புரட்சியோடு பேசப்படும் மத்திய அமைச்சர் சி. சுப்பிரமணியம் வேறு, இவர் வேறு. தேர்வுத்தாளில் இருவரையும் ஒருவராக்கி விடாதீர்கள்!)

1929 ஜனவரி 19-இல் பிறந்த இவர் சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பயின்றவர். அரசியல் நூல்களைப் பாடமாகப் படித்தவர் அல்லர். 1951-இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, பின்னர் பாதுகாப்பு அமைச்சகத்தில் பணியாற்றினார். 1962-இல் சீனாவிடம் நாம் அடைந்த பின்னடைவும், 1964 அக்டோபரில் சீனா நடத்திய அணுகுண்டுச் சோதனையும் அக்காலத்து அதிகாரிகளை உலுக்கிய நிகழ்ச்சிகள். 1966-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குச் சென்று ஓராண்டு போர்த்திற ஆய்வில் ஈடுபட்டார். திரும்பி வந்தவரிடம் 1968-இல் புதுதில்லியின் பாதுகாப்பு ஆய்வு மற்றும் பகுப்பாய்வு நிறுவனம் ஒப்படைக்கப்பட்டது. அது தொடங்கி அப்போது மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன.

போர்த்திற ஆய்வு என்றால் என்ன? நமது மேலகரத்தில் தோன்றிய திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில், குறத்தி வசந்தவல்லியின் கையைப் பார்த்துக் குறி சொல்கிறாள். கேட்பவள் மனம் குளிர்கிறது. போர்த்திற ஆய்வாளரும் அப்படி எதிர்காலம் உரைப்பவர் என்று எண்ணுவோர் உண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது. அண்டை நாடு என்ன செய்ய விரும்புகிறது என்று ஊகிப்பதோடு அவர் நின்றுவிடுவதில்லை. அதனிடம் எத்தனை படைப்பிரிவு, எவ்வளவு எரிபொருள், எந்த மாதத்தில் எந்தக் கணவாய் திறந்திருக்கும், அதனால் அந்நாடு எதைச் செய்ய இயலும் என்று கணக்கிடுவார். கேட்பவர் மனம் குளிர வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பழகியவருக்கு இம்முறை எளிதாக வாய்த்ததில் வியப்பில்லை.

1971 மார்ச் 25 இரவு கிழக்குப் பாகிஸ்தானில் இராணுவ அடக்குமுறை தொடங்கியது. ஒரு வாரத்திற்குள்ளாகவே, இந்தியாவிற்கு இது கிடைத்தற்கரிய வாய்ப்பு என்ற பொருள்பட தில்லிக் கருத்தரங்கு ஒன்றில் சுப்பிரமணியம் பேசினார். எல்லை தாண்டி வந்த அகதிகள் ஏறத்தாழ ஒரு கோடி. அவர்களைக் காலவரையின்றிப் பேணும் செலவு, குறுகிய போர் ஒன்றின் செலவை விஞ்சிவிடும் என்னும் வாதம் அந்நாட்களில் வலுப்பெற்றது. பாகிஸ்தான் அவருடைய பேச்சையே சான்றாகக் காட்டி, இந்தியா சதி செய்தது என்று இன்றளவும் கூறி வருகிறது. ஆனால் ஓர் ஆய்வாளரின் கட்டுரை போரை மூட்டிவிட்டது என்பது மிகை. போர் டிசம்பர் 3-இல் தொடங்கி 16-இல் முடிந்தது. இடைப்பட்ட எட்டு மாதங்களில் படையை ஆயத்தம் செய்ததும், சோவியத் நாட்டுடன் ஆகஸ்டில் உடன்படிக்கை செய்ததும், நாளைத் தேர்ந்ததும் இந்திரா காந்தி அரசும் தளபதிகளுமே. ஆலோசகர் வழியைக் காட்டலாம், நடப்பவர் வேறொருவர்.

அறிவுரையை ஏற்கும் அரசு, அறிவுரைத்தவரை என்றும் அருகில் வைத்துக்கொள்ளும் என்பதற்கில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் அவர் தமிழக உள்துறைச் செயலாளராக இருந்தார். பின்னர் மத்திய அரசின் கூட்டு உளவுக் குழுவுக்குத் தலைவர். அடுத்துப் பாதுகாப்பு உற்பத்தித் துறைச் செயலாளர். 1980-இல் இந்திரா காந்தி மீண்டும் ஆட்சிக்கு வந்ததும் முதலில் நீக்கப்பட்ட செயலாளர் தம் தந்தையே என்று, அவருடைய மகனும் வெளியுறவு அமைச்சருமான ஜெய்சங்கர் 2023-இல் ஒரு பேட்டியில் கூறினார். அதிகாரம் மிக்க நாற்காலி போய், பழைய ஆய்வு நிறுவனமே மீண்டும் வாய்த்தது. 1987 வரை அங்கிருந்தார். என் கருத்தில் அந்த ஏழாண்டுகள் வீணாகவில்லை. கோப்பில் எழுதியதைச் சிலரே படிப்பர். இதழ்களில் எழுதியதை நாடே படித்தது.

இடையே ஒரு நிகழ்ச்சி. 1984 ஆகஸ்டில் கடத்தப்பட்டு லாகூர், கராச்சி வழியாகத் துபாய்க்குக் கொண்டு செல்லப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தில் அவரும் ஒரு பயணி. கடத்தலைக் கையாண்ட குழுவில் அப்போது இளம் அதிகாரியாக இருந்த ஜெய்சங்கரும் இடம்பெற்றிருந்தார். கடத்தியோர் சரணடைய, பயணிகள் உயிரோடு மீண்டனர்.

அணு ஆயுதம் பற்றிய அவருடைய நிலை பலருக்கு உடன்பாடானதன்று. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் உலகை உடையோர், இல்லாதோர் என்று இரண்டாகப் பிரிக்கிறது. ஆகவே இந்தியா அதில் கையெழுத்திடலாகாது, தனக்கென ஆயுதம் வைத்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். வறுமை நீங்காத நாட்டிற்கு இது தேவையா என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். அக்கேள்வி எளிதில் தள்ளத்தக்கதும் அன்று. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1998 மே மாதப் பொக்ரான் சோதனைகளுக்குப் பின் அமைந்த தேசியப் பாதுகாப்பு ஆலோசனை வாரியத்திற்கு அவரே அமைப்பாளர். அவ்வாரியம் வரைந்த அணுக் கோட்பாட்டின் உயிர்நாடி, நாம் முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பதே. ஆயுதத்தை வேண்டும் என்றவரே அதற்குப் பூட்டும் செய்தார். 1999 ஆகஸ்ட் 17-இல் அவ்வரைவு மக்கள் விவாதிக்க வெளியிடப்பட்டது. 2003 ஜனவரியில் அரசு சில மாற்றங்களுடன் கோட்பாட்டை ஏற்றது.

அதே 1999-இல் கார்கில் போர் நிகழ்ந்தது. 527 வீரர்கள் உயிர் துறந்தனர். போர் ஓய்ந்த சில நாட்களிலேயே, ஜூலை 29-இல் அமைந்த ஆய்வுக் குழுவிற்குச் சுப்பிரமணியம் தலைவரானார். தளபதி ஹசாரி, பத்திரிகையாளர் வர்கீஸ், சதீஷ் சந்திரா ஆகியோர் உடனிருந்தனர். ஊடுருவல் அரசுக்கும் படைக்கும் உளவுத் துறைக்கும் முழு அதிர்ச்சியாக வந்தது என்று அறிக்கை மறைக்காமல் கூறியது. அத்தனை உயரத்தில், அத்தகைய பனியில் பெரும்படை நிலைகொள்ள இயலாது என்று நம்பியிருந்தோம். ஒரு துறை பெற்ற செய்தி மற்றொரு துறைக்குச் சேரவில்லை. செய்திகளைச் சேர்த்து எடைபோட வேண்டிய கூட்டு உளவுக் குழுவிற்கு உரிய மதிப்பும் இல்லை. அக்குழுவின் நாற்காலியில் முன்பு அமர்ந்திருந்தவரே இதை எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது. தனி மனிதர் எவர்மீதும் பழி சுமத்தவில்லையே என்று குறை கூறினோர் உண்டு. அக்குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. மகனை இழந்த தாய்க்கு “அமைப்பின் குறைபாடு” என்ற விடை போதுமா? ஆயினும் அறிக்கை 2000-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. இரகசியம் எனக் கருதிய பகுதிகளை நீக்கி நூலாகவும் வெளிவந்தது. 1962 தோல்வி பற்றிய படைத்துறை அறிக்கையை அரசு அவ்வாறு வெளியிடவில்லை.

1999-இல் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டபோது, அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் அரசின் விருதுகளை ஏற்பது முறையன்று என்று கூறி மறுத்துவிட்டார்.

கார்கில் அறிக்கையை ஆராய்ந்த அமைச்சர் குழு 2001-இல் பல சீர்திருத்தங்களைப் பரிந்துரைத்தது. பாதுகாப்பு உளவு முகமை 2002-இல் உருவாயிற்று. முப்படைகளுக்கும் ஒரே தலைமைத் தளபதி என்ற பரிந்துரை மட்டும் ஆண்டுக்கணக்காகக் கிடந்தது. 2020 ஜனவரி முதல் நாளில்தான் தளபதி பிபின் ராவத் அப்பதவியை ஏற்றார். சுப்பிரமணியம் 2011 பிப்ரவரி 2-இல் தில்லியில் காலமாகி அப்போது ஒன்பதாண்டுகள் நெருங்கிக் கொண்டிருந்தன.