பீனுக்குத் துணையாக ஒரு குடும்பம்

"அம்மா, மிஸ்டர் பீன்!" என்று குழந்தை கூப்பிட்டால், அடுப்பைத் தணித்துவிட்டு நாமும் போய் நின்றுவிடுகிறோம், இல்லையா?

1990 ஜனவரியில் பிரிட்டிஷ் டெலிவிஷனில் முதன்முதலாக வந்தார் இந்த அசட்டு ஆசாமி. நடிகர் ரோவன் அட்கின்சன். பேச்சே அபூர்வம். பரீட்சை எழுதுவது, பல் டாக்டரிடம் போவது என்று துண்டு துண்டாகக் கூத்து, அரைமணிக்குள் முடிந்துவிடும். 1997-ல் இவரை வைத்து ஒன்றரை மணி நேரப் படம் எடுத்தார்கள். அவ்வளவு நேரமும் முழியை மட்டுமே காட்ட முடியுமா? பாயசம் பிடிக்கும் என்பதற்காக இலை முழுக்கப் பாயசமா பரிமாறுவோம்?

அதனால் பக்கத்தில் ஒரு குடும்பத்தைச் சேர்த்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் ஓவியக்கூடத்தில் வேலை பார்க்கும் டேவிட், பீனைப் பெரிய கலை மேதை என்று நம்பி வீட்டில் தங்கவைக்கிறார். மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டுக் குழந்தைகளோடு கிளம்பிவிடுகிறாள். பீனோ, விஸ்லர் என்ற ஓவியர் தன் தாயை வரைந்த புகழ்பெற்ற படத்தின் மேல் தும்மி, மைக் கறை பட்ட கைக்குட்டையால் துடைத்து நாசமாக்குகிறார்! நமக்குச் சிரிப்பு, டேவிட்டுக்கோ வேலையும் போய்விடுமோ என்ற பதைப்பு. அந்தப் பதைப்புதான் நம்மைக் கடைசிவரை உட்காரவைக்கிறது.

முடிவில், பேசாத பீன் மேடையேறிப் பேசுகிறார். அம்மா அழகில்லாவிட்டாலும் அந்தப் பிள்ளை அவளை விட்டுவிடவில்லை, குடும்பம் முக்கியம் என்கிறார். அசடு சொன்னாலும் நிஜந்தானே!