பூனையின் இருதயத்திற் பிறவிக் குறை

எம் மாணவர் விடுதியின் அடுக்களைப் புறத்தே சென்ற ஆண்டு பிறந்த பூனைக்குட்டிகளுள் ஒன்று, ஏனையவை ஓடியாடுங்கால் சிறிது ஓடியதும் படுத்துவிடும் இயல்பினதாயிருந்தது. சோம்பன் எனப் பெயருமிட்டு யாம் நகைத்தோம். பின்னர்க் கால்நடை வைத்தியர் அதன் மார்பிற் குழலை வைத்துக் கேட்டு, இருதயத்தில் இரைச்சல் உளதென்றார். ஒலியலைகளால் உள்ளுறுப்பைக் காட்டும் கருவிகொண்டு ஆராய்ந்து, கீழறைகள் இரண்டற்கும் இடைச்சுவரில் துளை உளதெனத் தெளிந்தார். நகைத்தமைக்கு நாணினோம். அதுமுதல் யாம் வினவியறிந்தவற்றை ஈண்டு எழுதலுற்றோம்.

பூனையின் இருதயமும் நம்முடையதுபோல் நான்கு அறைகளை உடையது. வலக்கீழறை இரத்தத்தை நுரையீரலுக்கும், இடக்கீழறை உடல் முழுவதற்கும் செலுத்தும். கரு வளருங்கால் இவற்றிடைச் சுவர் முற்றும் மூடாதொழியின் துளை எஞ்சும். பூனைகட்குப் பிறவியில் நேரும் இருதயக் குறைகளுள் மிகுதியாகக் காணப்படுவனவற்றுள் இஃதொன்று. இடவறையின் அழுத்தம் வலவறையினதினும் பன்மடங்கு மிக்கதாகலின், இரத்தம் துளைவழியே வலப்பக்கம் பாயும்; உடலுக்குச் செல்லவேண்டியதில் ஒரு பகுதி மீண்டும் நுரையீரலுக்கே சென்று, திரும்பிவந்து இடப்பக்கத்தை விரியச் செய்யும். துளை பெரிதாயின் நாளடைவில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும்.

ஈண்டொரு வியப்பு. சிறு துளையே பேரிரைச்சல் செய்யும்; பெருந்துளை மெல்லென ஒலித்தலும் உண்டு. குழாயின் வாயை விரலாற் பாதி அடைக்க, நீர் சீறுவதை அறியாதார் யார்? ஆகவே ஒலியின் பெருமை கண்டு அஞ்சுதலும், சிறுமை கண்டு அயர்தலும் தகா. சிறுதுளையுடைய பூனை மருந்தின்றியே நெடுநாள் வாழ்தல் கூடும். குறை யாதுமில்லாத குட்டிகள் சிலவற்றிற்கு மெல்லிய இரைச்சல் தோன்றிச் சில திங்களில் மறைதலும் உண்டு. உண்மையைக் கருவியே காட்டும்.

பின் வளர்ப்போர் செய்யத்தக்கது யாது? பூனை உறங்கும்போது மூச்சை எண்ணுதலே. மார்பு எழுந்து தாழ்தல் ஒரு மூச்சு. நிமிடத்திற்கு 30-க்கு உட்பட்டிருத்தல் இயல்பு. மீண்டும் எண்ணியும் மிகுமாயின் வைத்தியரை அடைதல் வேண்டும். நாய் வாய்திறந்து இளைத்தல் இயற்கை. ஓய்ந்திருக்கும் பூனை அங்ஙனம் இளைத்தல் ஆபத்தின் குறி. ஈறு நீலம் பாரித்தலும் அன்னதே. அவ்வேளை அதனை அலைக்கழித்தலும், வலிந்து நீர் புகட்டலும் ஆகா. நீர் கோத்தவழிப் பியூரோசமைடு முதலிய சிறுநீர் பெருக்கும் மருந்துகளை வைத்தியர் அளவறிந்து கொடுப்பர். நம் மருந்தை நாமே கொடுத்தலோ கொலையாம். பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லவல்லது. துளையை அடைக்கும் அறுவை பூனைகட்கு அரிதாகவே செய்யப்படுகின்றது. இத்தகைய பூனையை இனம்பெருக்க விடாமையும் நன்று.

எம் குட்டியின் துளை சிறிதுமன்று, பெரிதுமன்று என்பர் வைத்தியர். இரவுதோறும் முறைவைத்து எண்ணி, அடுக்களைச் சுவரின் நாட்காட்டியிற் குறித்து வருகின்றோம். சமையற்காரரும் எண்ணக் கற்றுக்கொண்டார். சென்ற நவம்பரில் ஓரிரவு 44 ஆயிற்று. மறுநாளே மருந்து தொடங்கப்பெற்றது. நேற்றிரவு 26.