லினக்ஸைக் காதால் கற்கலாம்

சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள நம் வீடுகளில் ஒரு சங்கடம் உண்டு. பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியிலோ தெலுங்கும் ஆங்கிலமும்தான். தமிழ்ப் புத்தகத்தை நீட்டினால், "நீங்க படிங்கப்பா, நான் கேட்டுக்கறேன்" என்பார்கள். லினக்ஸைப் பற்றி எழுத வந்தவன் இதை ஏன் சொல்கிறேன் என்றால், காதால் கேட்டே அதைக் கற்க வழியிருக்கிறது, அதுவும் இலவசமாக.

லினக்ஸ் என்பது விண்டோஸைப் போல கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள். பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் அதன் கருவை எழுதினார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகள் அதனோடு சேர்ந்தன. யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடுமுன் லினக்ஸைப் போட்டுப் பார்க்கலாமே!

பாடத்துக்கு வருவோம். பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் லினக்ஸ் பாடங்கள் வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 நிமிடம். திரையில் தெரிவது ஆங்கிலம், காதில் விழும் விளக்கம் தமிழ். தெலுங்கிலும் உண்டு, ஆகவே பிள்ளையின் தோழர்களும் கூட உட்காரலாம். பாதித் திரையில் பாடம், மறுபாதியில் நம் கை. அங்கே செய்து காட்டியதை இங்கே உடனே செய்து பார்க்க வேண்டும். சும்மா பார்த்துக்கொண்டே போனால் ஒன்றும் நிற்காது.

நகரி, சத்தியவேடு பக்கம் தமிழில் படித்து வளர்ந்த பெரியவர்களுக்கு எழுத்தே வசதி. 2012-இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் வழியே வந்த து. நித்யாவின் 'எளிய தமிழில் குனூ/லினக்ஸ்' மின்னூலைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலம் தடையில்லை என்றால் வில்லியம் ஷாட்ஸ் எழுதிய 'தி லினக்ஸ் கமாண்ட் லைன்' நூலும் அப்படியே. இணையம் இல்லாதபோதும் லினக்ஸுக்குள்ளேயே கையேடு இருக்கிறது: 'மேன்' என்று அடித்து, இடம் விட்டு, கட்டளையின் பெயரை அடித்தால் விளக்கம் வரும். ஆரம்பத்தில் அது கொஞ்சம் கரடுமுரடுதான்.

ஒரு எச்சரிக்கை. முதல் தடவை அவசரப்பட்டு முழு டிஸ்கையும் அழித்து, குடும்பப் புகைப்படங்களைத் தொலைத்தவன் நான். முதலில் படங்களை வேறிடத்தில் நகலெடுங்கள். பிறகு லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். உள்ளே நிறுவாதவரை பழையது அப்படியே இருக்கும்.

சென்னை சி-டாக் 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸ் நம் நாட்டு மொழிகளுக்காகவே செய்தது. தமிழக அரசு 2011-இல் மாணவருக்குத் தரத் தொடங்கிய மடிக்கணினிகளிலும் விண்டோஸோடு அது இருந்தது. வேலூர்ப் பக்கத்து உறவுப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். லினக்ஸில் ஒரே கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு கணக்கு வைத்து, ஆளுக்கொரு மொழியும் வைக்கலாம். அம்மா திறந்தால் தமிழ், மகள் திறந்தால் தெலுங்கு.