கூட்டினால் குறையும் மின்னோட்டம்

மின்னழுத்தத்தைக் கூட்டினால் மின்னோட்டமும் கூடும் என்பது பள்ளிப் பாடம். சில டையோடுகளில் அது ஓரளவுக்கு ஏறி, உச்சத்தைத் தொட்டதும் மளமளவென்று இறங்கிவிடும். மேலும் கூட்டினால்தான் மறுபடி ஏறும். இறங்கும் அந்தப் பகுதிக்கு 'எதிர்மறை வேறுபாட்டு மின்தடை' என்று பெயர்.

1957-இல் ஜப்பானின் லியோ எசாகி ஜெர்மானியம் டையோடு ஒன்றில் இதைக் கண்டார். மாசு அணுக்களை மிக அதிகமாகக் கலந்ததால் சந்தி மெலிந்துபோய், எலக்ட்ரான்கள் தடையை ஏறிக் கடக்காமலே ஊடுருவின. 1973 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. அடுத்த ஆண்டு ஐபிஎம் ஆய்வகத்தில் சாங், எசாகி, சூ மூவரும் இந்தப் போக்கைத் திட்டமிட்டே உருவாக்கிக் காட்டினார்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள், மதிலுக்குள் மதில். அவர்கள் மூவரும் உருவாக்கிய டையோடிலும் அலுமினியம் காலியம் ஆர்சனைடால் இரண்டு மதில்கள், நடுவில் காலியம் ஆர்சனைடால் முற்றம். முற்றத்தின் அகலம் சில நானோமீட்டர்தான். எலக்ட்ரானுக்கு அலைப்பண்பு உண்டு என்பதால், அவ்வளவு குறுகிய இடத்தில் குறிப்பிட்ட சில ஆற்றல் மட்டங்களில் மட்டுமே அது தங்க முடியும். வெளியிலிருந்து வரும் எலக்ட்ரானின் ஆற்றல் அந்த மட்டத்தோடு பொருந்தினால் இரு மதில்களையும் எளிதாகக் கடந்துவிடும். மின்னழுத்தம் கூடிப் பொருத்தம் குலைந்தால் ஓட்டம் சரியும். முற்றத்தைக் குறுக்கினால் மட்டம் மேலேறும். உச்சத்துக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும்.

இவ்வளவு மெல்லிய படலங்களை வளர்ப்பது மூலக்கூறு கற்றைப் படல வளர்ப்பு முறை. உயர் வெற்றிடக் கலத்தில் சூடேற்றிய உலைகளிலிருந்து காலியம், ஆர்சனிக், அலுமினியம் ஆகியவை கற்றைகளாகக் கிளம்பித் தகட்டில் படியும். உலை வாயிலில் உள்ள தட்டி திறந்தால் படியும், மூடினால் நிற்கும். நொடிக்கு ஏறக்குறைய ஓர் அணுப்படலம் வளரும். தகட்டை உரசிச் செல்லும் எலக்ட்ரான் கற்றை திரையில் விழுத்தும் ஒளி, ஒவ்வொரு படலம் நிறையும்போதும் கூடிக் குறையும். அதை எண்ணிக்கொண்டே தட்டியை மூடலாம். 5 நானோமீட்டர் முற்றத்துக்குச் சுமார் 18 படலங்கள்.

ஊடுருவல் மிக விரைவாக நடப்பதால், இந்த டையோடுகளைக் கொண்டு அறை வெப்பநிலையிலேயே நொடிக்கு லட்சம் கோடிக்கும் மேல் அதிரும் டெராஹெர்ட்ஸ் அலைகளை எழுப்ப முடிகிறது. 1994-இல் பெல் ஆய்வகம் செய்த குவாண்டம் அடுக்கு லேசரும் இதே குடும்பம்தான். அதன் ஒளி எந்த அலைநீளத்தில் வரவேண்டும் என்பதைப் பெரும்பாலும் படலத் தடிமனே முடிவு செய்கிறது. காற்றில் கலந்த வாயுக்களைக் கண்டறிய அது பயன்படுகிறது.

பொருளை மாற்றாமல் தடிமனை மாற்றியே மின்சாரத்தின் போக்கை மாற்றலாம் என்பதே இந்தத் துறையின் அடிப்படை. பிளஸ் டூ ஆய்வகத்தில் டையோடு வரைபடம் வரையும் மாணவர்கள், எசாகி டையோடின் வரைபடத்தையும் தேடிப் பார்த்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.