ஒட்டிய விரலும் ஆறாம் விரலும்: நூல் கட்டாதீர்கள், நாள் கடத்தாதீர்கள்



குழந்தை பிறந்ததும் முகத்தைப் பார்க்கிறோம். அடுத்து விரல்களை எண்ணுகிறோம். இரண்டு விரல் ஒட்டியிருந்தாலோ, ஆறாவதாக ஒன்று இருந்தாலோ வீடே கலங்குகிறது. "கிரகணத்திலே காய் நறுக்கினாயா?" என்று பெற்றவளைக் கேட்கிறார்கள். இது அவள் குற்றமல்ல.

காரணம் என்ன?

கருவில் கை முதலில் துடுப்பு போலத்தான் இருக்கும். சுமார் 6 முதல் 8 வாரத்துக்குள் நடுவிலுள்ள சதை மறைந்து விரல்கள் பிரியும். பிரிவது பாதியில் நின்றால் ஒட்டிய விரல். சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நூல் கட்டலாமா?

கூடவே கூடாது. சுண்டுவிரல் ஓரம் தொங்கும் சிறு விரலுக்குள்ளும் இரத்தக் குழாயும் நரம்பும் உண்டு. நூலோ தலைமுடியோ கட்டினால் இரத்தம் கொட்டலாம், சீழ் பிடிக்கலாம். மிஞ்சும் முண்டு தொட்டாலே வலிக்கும். கட்டைவிரல் இரட்டையாக இருந்தால் எலும்பு, மூட்டு, தசை இரண்டுக்கும் பங்காகியிருக்கும். ஒன்றை வெட்டினால் மட்டும் போதாது. மற்றதைப் பலப்படுத்தி அமைக்க வேண்டும்.

எப்போது சிகிச்சை?

நடுவிரலும் மோதிர விரலும் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் 1 முதல் 1½ வயதில் பிரிப்பார்கள். மோதிர விரலும் சுண்டுவிரலும், அல்லது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டியிருந்தால் முதல் வருஷத்திலேயே செய்வது நல்லது. நீளம் சமமில்லாததால், வளர வளர நீளமான விரல் வளைந்துவிடும். "பெரியவனானால் சரியாகிவிடும்" என்று இருந்துவிடாதீர்கள்.

எப்படிச் செய்கிறார்கள்?

எக்ஸ்ரே எடுத்து எலும்பைப் பார்ப்பார்கள். மயக்க மருந்து கொடுத்துப் பிரிப்பார்கள். தோல் போதாவிட்டால் பெரும்பாலும் தொடையிடுக்கிலிருந்து எடுத்து ஒட்டுவார்கள். ஒரு விரலின் இரண்டு பக்கத்தையும் ஒரே தடவையில் பிரிப்பதில்லை. இரத்த ஓட்டம் கெட்டுவிடும். ஆகவே மூன்று விரல் ஒட்டியிருந்தால் இரண்டு தடவை வர வேண்டும். கட்டு நனையக்கூடாது. தழும்பு இறுகுகிறதா என்று பார்க்க, சொன்ன தேதியில் தவறாமல் வாருங்கள்.

எங்கே காட்டுவது?

கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். வேறு குறை உண்டா என்று மருத்துவர் இருதயம், கால் எல்லாவற்றையும் பார்ப்பார். தேவைப்பட்டால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை சிகிச்சைக்கென்றே தனித் துறை உண்டு.

சோறு பிசையவும் பென்சில் பிடிக்கவும் வேண்டிய கை அது. காலத்தில் காட்டுங்கள்!